மட்டக்களப்பில நாடகம் பார்க்கணுமா? முதல்ல களரிக்குப் போங்க

(காட்சி: கல்லடிப் பாலம், வாவி, பின்னேர வெயில்)

வணக்கம் மக்களே. மட்டக்களப்புக்கு வாறாக்கள் பாடுமீன், பாசிக்குடா எண்டு பார்த்துப்போட்டுப் போயிருவாங்க, ஆனா இந்த ஊர்ட உண்மையான சொத்து, களரி எண்டுற வட்ட அரங்கில ஆட்டமும் பாட்டுமா நடக்கிற கூத்துதான், அதைப் பார்க்காமப் போறது பெரிய இழப்பு எண்டுதான் நான் சொல்லுவன்.

கூத்தில ரெண்டு வகை இரிக்கு, வடமோடி, தென்மோடி. வடமோடி எண்டா கூடுதலா பாரதம், ராமாயணம், போர்க்கதை, பெரிய முடி, இடுப்பில இருந்து கோழி கவுக்கிற கரப்பு மாதிரி விரிஞ்சு நிக்கிற பாரமான உடுப்பு. தென்மோடியில உடுப்புப் பாரமில்ல, ஆட்டத்திலயும் பாட்டிலயும் நுணுக்கம் கூட.

(காட்சி: வட்டக்களரி, நடுவில மத்தளத்தோட அண்ணாவியார்)

களரியைக் கொஞ்சம் வடிவாப் பாருங்க. வட்டமா மண் போட்டு உயர்த்தின இடம், சனம் சுத்திவர இரிக்கும். மத்தளம் அடிக்கிற அண்ணாவியார், அதான் கூத்துப் பழக்கிற ஆசான், சல்லரி எண்டுற தாளம் போடுறவர், கொப்பி பார்த்துப் பாட்டு எடுத்துக் குடுக்கிறவர், பிற்பாட்டுக்காரர் எல்லாரும் நடுவில நிப்பாங்க, ஆடுறவர் அவங்களைச் சுத்தி ஆடுவார். நாலு பக்கமும் கண் இரிக்கிறதால ஆடுறவருக்கு ஒளிய இடமே இல்ல, கால் ஒரு தாளம் பிசகினா அந்தப் பக்கம் இரிக்கிற கிழவி உடனே கண்டுபிடிச்சிரும்.

ஒரு ராசா களரிக்கு வந்தா உடனே கதை சொல்ல மாட்டார். முதல் வரவு ஆட்டம், வட்டம் சுத்தி, தாளம் ஏறி ஏறிப் போய் தீர்மானத்தில, அதான் ஆட்டத்தை முடிக்கிற தாளக்கட்டில, வெட்டி நிப்பார், மறுகாதான் பாட்டு. அவர் வீரனா, கோவக்காரனா எண்டு அந்தக் காலே சொல்லிப்போடும். புதுசாப் பார்க்கிறவங்க முகத்தைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க.

இந்த ஒரு இரவுக்குப் பின்னால மாசக்கணக்கு உழைப்பு இரிக்கு. நல்ல நாள் பார்த்து, குரலையும் உருவத்தையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன வேசம் எண்டு அண்ணாவியார் சட்டம், அதான் அவங்கட பாட்டுப் பகுதி, குடுப்பார். பகல்ல வயல், கடல், மேசன் வேலை எண்டு போற ஆக்கள் ராவில வந்து பழகுவாங்க, ஆட்டம் காலில ஊண்டினதுக்குப் பிறகு சலங்கை கட்டுவாங்க, முழுக்கூத்தையும் ஒருதரம் அடுக்குப் பார்ப்பாங்க, கடைசியிலதான் அரங்கேற்றம். ஒரு ஊரே சேர்ந்து செய்யிற காரியம் இது, அதாலதான் எனக்கு இது இவ்வளவு பெரிசாத் தெரியுது.

(காட்சி: பழைய மேடைப் படங்கள்)

1960கள்ல பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில இந்தக் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார், 1962இல கர்ணன் போர், பிறகு இராவணேசன். அதில ஆடினவர் எங்கட ஊர் சி. மௌனகுரு. அவரே 1969இல சங்காரம் எண்டு, ராசா ராணிக் கதையை விட்டிட்டு சாதி, வர்க்க ஒடுக்குமுறையை வடமோடி ஆட்டத்தில செய்தார். மற்றப் பக்கம் நாடக ஆய்வாளர் சி. ஜெயசங்கர் போன்றாக்கள், கூத்தை ஊரை விட்டு எடுக்கக்கூடா, ஊராக்களோட இரிந்தே கதையை மாத்துவம் எண்டு மட்டக்களப்புச் சீலாமுனைக் கிராமத்தில வேலை செய்தாங்க. நான் ரெண்டாவது பக்கம்தான். மேடைக்கூத்து அழகு, ஆனா சனம் ஒரே பக்கம் இரிந்து பார்க்கக்குள்ள அந்த வட்டத்தின்ட சூடு போயிருது.

காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் 1926இலயே மதங்கசூளாமணி எண்டு நாடக ஆராய்ச்சி நூல் எழுதினவர். அவர்ட பேர்ல கல்லடியில இரிக்கிற அழகியற் கற்கைகள் நிறுவகத்தில இப்ப பொம்புளப் பிள்ளைகளும் நாடகம் படிக்கிறாங்க. முந்தி பெண் வேசமும் ஆம்புளைகள்தான் கட்டினது.

(காட்சி: படுவான்கரை ரோட்டு, வயல்)

எங்க பார்க்கலாம்? வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம், கன்னன்குடா மாதிரி ஊர்கள்ல விசாரிங்க. அறுவடை முடிஞ்ச காலம், கோயில் சடங்குக் காலத்தில கேட்டா தெரியவரும். பன்பாய் ஒண்டும், வெற்றிலை பாக்கும் கொண்டு போங்க. பத்து மணிக்கு எழும்பி வந்திராதீங்க, பெரிய வேசங்கள் வாறதே சாமம் தாண்டித்தான்.