நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தாச்சு, பெடல் ஏன் இன்னும் இறங்குது?

(காட்சி: காட்பாடிப் பக்கத்துப் பட்டறை. நிழலில் பழைய டாட்ஜ் லாரி.)

வணக்கம். இந்த டாட்ஜ் ஒரு காலத்தில் ஆம்பூருக்குத் தோல் ஏற்றிய வண்டி. இப்போது ஓனர் ஆசைக்கு வைத்திருக்கிறார். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குப் புது கிட், அதாவது உள் ரப்பர் சாமான், போட்டாச்சு. பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தாச்சு. ஆனாலும் பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி இறங்குகிறது.

குறை சக்கரத்தில் இல்லை. காற்று சிலிண்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். இந்த வண்டியில் சிலிண்டர் டிரைவர் கால் வைக்கிற பலகைக்கு அடியில், சேசிஸ் ஓரம், மூக்கைத் தூக்கிக்கொண்டு இருக்கிறது. காற்று அந்த மூக்கில் போய் ஒளிந்துகொண்டால் பெடலை எத்தனை மிதித்தாலும் அசையாது.

தொழில் பழகிய புதிதில் நானும் ஆயில் நிரப்பாமல் காய்ந்த சிலிண்டரை அப்படியே மாட்டி, ஒரு நாளும் ஒரு லிட்டர் ஆயிலும் தொலைத்திருக்கிறேன். வாங்கிய திட்டு தனி.

சரி, சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்தே காற்றை எடுப்போம்.

(காட்சி: வைஸில் சிலிண்டர், கிட்டத்தில்.)

போல்ட் போடும் காதை மட்டும் வைஸில் பிடியுங்கள். உடம்பை இறுக்கினால் உள் துளை கோணிவிடும். மட்டமாக நிற்கட்டும். ஆயில் வெளியேறும் வாயில் ஒரு சின்ன டியூப். அதன் மறுமுனை சிலிண்டர் மேல் இருக்கிற ஆயில் டப்பாவில், ஆயிலுக்குள் முங்கியே இருக்க வேண்டும். வெளியே தலை நீட்டினால் திரும்பக் காற்றைத்தான் உறிஞ்சும்.

பிரேக் ஆயில் புது டப்பா, டாட் 3 என்கிற ரகம். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுகூட ஆகாது, உள்ளே பிஸ்டனில் இருக்கிற ரப்பர் கப் ஊதிப்போகும். பெயின்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உரிந்து வரும்.

இப்போது மழுங்கிய கம்பியால் பிஸ்டனைக் கடைசி வரை தள்ளுங்கள். மெதுவாக. விடுவதும் மெதுவாக. பாருங்கள், முதலில் சோடா திறந்த மாதிரி பொங்குகிறது. அப்புறம் கடுகு கடுகாக வரும். அவசரப்பட்டுக் குத்தினால் ஆயில் நுரைத்துப் பொடிக்குமிழி ஆகிவிடும், கண்ணிலும் தெறிக்கும். பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுமையாகச் செய்யுங்கள். குமிழி நின்றதும் வாயை அடைத்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள். நூலளவு போய்க் கல் மாதிரி நின்றால் சரி.

(காட்சி: வண்டிக்கு அடியில்.)

வாயை விரலால் பொத்திக்கொண்டே மாட்டுங்கள். பைப் நட்டைப் பாதி மரையில் விட்டுவிட்டு, “தம்பி, மெதுவா மிதி... பிடி.” ஆயில் கசிந்ததும் இறுக்கிவிட்டு, “இப்ப விடு.” அப்புறம் சக்கரங்களுக்கு ஒரு சுற்று. தூரத்தில் இருக்கிற பின் இடது சக்கரம் முதலில்.

பெடலிலிருந்து வந்து பிஸ்டனைத் தள்ளுகிற புஷ் ராடில் கொஞ்சம் ஆட்டம் வையுங்கள். ஆட்டமே இல்லையென்றால் உள்ளே ஆயில் திரும்புகிற சின்னத் துளையைக் கப் மூடிக்கொள்ளும், பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

ஓனர் ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போகிறாராம். இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவு. டாட் 3 காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். புதிதில் 205 டிகிரி வரை தாங்குவது, ஈரம் ஏறினால் 140-லேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் மறுபடியும் பஞ்சு மூட்டைதான். அதனால் மூலையில் மூடி திறந்து கிடக்கிற அந்தப் பழைய பிரேக் ஆயில் டப்பாவை, தம்பி, முதலில் தூரப் போடு.