பிரான்ஸ் சின்ன ஊர்ல மணி 2:10-க்கு ஏன் சாப்பாடு கிடைக்காது?

[காட்சி: ஆளில்லாத கடைவீதி. பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருக்கிறது. திரை ஓரத்தில் நேரம்: 2:10]

மத்தியானம் ரெண்டு பத்து. ஊர் பேரு காஸ்தெல்னோதாரி. பிரான்ஸோட தெற்குல, துலூஸுக்கும் கார்க்கசோனுக்கும் நடுவுல இருக்கு. ரயில்ல இறங்கி, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, அகோரப் பசியோட ஒரு ரெஸ்டாரன்ட் கதவைத் தள்றேன். உள்ள இருபது பேர் நிம்மதியா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. ரெண்டு மேஜை காலி. பரிமாறற அம்மா என்னைப் பார்த்தாங்க, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாங்க, "அடுப்பு அணைச்சாச்சு"ன்னாங்க. கோபம்லாம் இல்ல. வெளிய மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

சரி, பேக்கரியில ஏதாவது வாங்கிக்கலாம்னு போனா, அதுவும் மத்தியானத்துக்கு மூடியாச்சு. அன்னைக்கு என் சாப்பாடு, மெஷின்ல காசு போட்டு எடுத்த ஒரு சிப்ஸ் பாக்கெட்.

வணக்கம். இந்த வீடியோல பாரிஸ் கிடையாது, ஈஃபிள் டவர் கிடையாது. சுமார் 12,000 பேர் இருக்கற ஊர்ல, ஊர்க்காரங்க சாப்பிடற கடைக்கு மறுநாள் நான் திரும்பப் போன கதை. 12:15-க்கே போயிட்டேன்.

[காட்சி: கதவில் ஒட்டிய நேர அட்டை]

மொதல்ல இந்த நேரக் கணக்கு. சின்ன ஊர்ல மத்தியானச் சாப்பாடு 12 மணிக்கு ஆரம்பிக்கும். ஒன்றரை, மிஞ்சிப்போனா ரெண்டு மணிக்குள்ள ஆர்டர் குடுத்திருக்கணும். ராத்திரி ஏழு, ஏழரைக்குத் திறந்து, ஒன்பதுக்கெல்லாம் அடுப்பு அணைஞ்சிடும். ஞாயித்துக்கிழமை ராத்திரியும் திங்கட்கிழமையும் நிறைய கடைங்க லீவு.

ஏன் இவ்வளவு கறார்? உள்ள எட்டிப் பாருங்க. முப்பது சீட் கடை. சமைக்க ஒருத்தர், பரிமாற ஒருத்தர். நிறைய இடத்துல அவங்க புருஷன் பொண்டாட்டி. காலையில காய்கறி வாங்கி, நறுக்கி, வேகவெச்சு, பரிமாறி, பாத்திரம் தேய்ச்சு, சாயங்காலம் திரும்ப அதே வேலையை ஆரம்பிக்கணும். மாத்தி விட ஆள் கிடையாது. பாரிஸ் சமையலறைகள்ல வேலை பார்க்கற நம்ம ஈழத் தமிழர்கள் நிறைய பேர் இருக்காங்க, அவங்களைக் கேட்டா சொல்வாங்க: ஒரு நாளை மணிக்கணக்குல பிரிக்கறதே இல்ல, மத்தியானம் ஒரு 'செர்வீஸ்', அதாவது பரிமாறற வேளை, ராத்திரி ஒரு 'செர்வீஸ்', அவ்வளவுதான்.

ஒரு மேஜைக்கு ஒரு வேளைக்கு ஒரே கூட்டம்தான். நம்ம ஊர் மெஸ்ல, ரசம் ஊத்தும்போதே அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நிப்பார் இல்லையா? அது இங்க நடக்காது. உட்கார்ந்துட்டா அந்த மேஜை கடை மூடற வரைக்கும் நம்மளோடது. அதனாலதான் முன்கூட்டியே போன் பண்ணி இடம் சொல்லி வைக்கறதும் இங்க முக்கியம். ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா கட்டாயம். அன்னைக்குப் பாட்டி தாத்தாவோட மொத்தக் குடும்பமும் வந்து உட்கார்ந்திருக்கும்.

[காட்சி: கதவு திறக்கிறது]

உள்ள நுழைஞ்சதும் மொத வார்த்தை 'போன்ஜூர்'. இது வெறும் ஹலோ இல்லங்க. அதைச் சொல்லாம நேரா "டேபிள் இருக்கா"ன்னு கேட்டா, வீட்டுக்காரங்க வாங்கன்னு சொல்றதுக்குள்ள நாமளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி. பிரெஞ்சுக்காரங்க மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கறாங்கன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேர் இந்த ஒரு வார்த்தையை முழுங்கினவங்கதான், இது என் கணிப்பு. அப்புறம், பரிமாறறவரை 'கார்சோன்'னு கூப்பிடாதீங்க. அதுக்கு அர்த்தம் 'பையா'. பழைய சினிமாலதான் அது நல்லா இருக்கும்.

[காட்சி: கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து]

இப்ப பெரிய குழப்பத்துக்கு வருவோம். நாம மெனு கார்டுன்னு சொல்றதை அங்க 'கார்த்'னு சொல்வாங்க. அங்க 'மெனு'ன்னா வேற. அது நம்ம 'மீல்ஸ்'. ஒரே விலை, இத்தனை அயிட்டம், வரிசையா வரும். அதனால "மெனு குடுங்க"ன்னு கேட்டா, அவங்க காதுல "ஒரு மீல்ஸ்"னு விழ வாய்ப்பிருக்கு.

அந்த மீல்ஸ்ல மூணு கட்டம். 'ஆந்த்ரே', அதாவது தொடக்கம். 'ப்லா', மெயின் அயிட்டம். கடைசியா இனிப்பு. அமெரிக்காவுல ஆந்த்ரேன்னா மெயின் டிஷ். பிரான்ஸ்ல அது முன்னாடி வர்ற சின்னத் தட்டு. அமெரிக்கா பழக்கத்துல இருக்கறவங்க இங்க ஏமாந்து போவாங்க. மூணுல ரெண்டு போதும்னா அதுக்குப் பேரு 'ஃபார்முல்'. வேலை நாள் மத்தியானத்துல இந்த மீல்ஸ் பல சின்ன ஊர்ல 15-ல இருந்து 20 யூரோவுக்குள்ள முடிஞ்சிடும். அதே கடையில ராத்திரி போனா பில் வேற மாதிரி இருக்கும். காசு பார்த்துச் செலவு பண்றவங்க மத்தியானம் நல்லா சாப்பிட்டு, ராத்திரிக்கு ரொட்டியும் சீஸும் வாங்கிக்கறது புத்திசாலித்தனம்.

எல்லாம் கரும்பலகையில சாக்பீஸ்ல எழுதியிருக்கும், ஏன்னா தினம் மாறும். அன்னைக்கு மார்க்கெட்ல எது கிடைச்சுதோ அதான். ஒரு வரியை அழிச்சிருந்தா, தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். "அதுல இதை எடுத்துட்டு அதைப் போட்டுத் தாங்க"ன்னு கேட்கறது இங்க எடுபடாது. உள்ள இருக்கறது ஒத்தை ஆளு.

பலகையில சில சமயம் ஒரு படம் இருக்கும்: ஒரு வாணலி, அது மேல வீட்டுக் கூரை. 'இங்கேயே சமைச்சது'ன்னு அர்த்தம். ஆயத்தமா பாக்கெட்ல வர்றதைச் சூடு பண்ணிக் குடுக்கற கடைங்க பெருகினதால 2014-ல சட்டம் போட்டுக் கொண்டுவந்த முத்திரை. ஆனா இதை யாரும் வந்து பார்த்துட்டுத் தர்றதில்ல, கடைக்காரரே போட்டுக்கறதுதான். நான் பலகையோட நீளத்தைத்தான் பார்ப்பேன். முப்பது சீட் கடையில அறுபது அயிட்டம் எழுதியிருந்தா, ஃப்ரீசர் பெருசுன்னு புரிஞ்சுக்கலாம்.

[காட்சி: ரொட்டிக் கூடை, கண்ணாடி ஜாடியில் தண்ணீர்]

ரொட்டி தானா வரும். காசு கிடையாது. தண்ணியும் இலவசம்தான், ஆனா கேட்கத் தெரியணும். வெறுமனே தண்ணின்னு சொன்னா பாட்டில் வரும், பில்லும் வரும். 'ஊன் காராஃப் தோ'ன்னு கேளுங்க, ஜாடியில குழாய்த் தண்ணி வரும். சாப்பாட்டோட ரொட்டியும் சாதாத் தண்ணியும் விலைக்குள்ளேயே அடக்கம்னு 1967-லேயே அரசாணை போட்டுட்டாங்க. இலவசத் தண்ணி கேட்கலாம்னு மெனு கார்டுலயோ பலகையிலயோ எழுதியே வைக்கணும்னு 2022-ல இருந்து சட்டம். ரொட்டிக்குத் தனித் தட்டைத் தேடாதீங்க. மேஜை விரிப்பு மேலதான் வைக்கணும்.

[காட்சி: அடுப்பிலிருந்து வரும் மண்சட்டி, ஓரத்தில் கொதிக்கும் குமிழ்கள்]

நான் இந்த ஊருக்கு வந்ததே இதுக்குத்தான். கஸூலே.

வெள்ளை பீன்ஸை ராத்திரியே ஊறப்போட்டு, பன்றித்தோல் போட்ட சாறுல வேகவெச்சு, கொழுப்புலேயே பதப்படுத்தின வாத்துக் கறி, பன்றி இறைச்சி, சாசேஜ் எல்லாம் சேர்த்து ஓவன்ல மணிக்கணக்கா வைக்கறாங்க. இந்தப் பண்டத்துக்குப் பேரு வந்ததே சட்டியால. சட்டி பேரு 'கஸோல்'. வாய் அகலம், அடி குறுகல், உள்பக்கம் மட்டும் மெருகு. பக்கத்துல இருக்கற இஸ்ஸேல் கிராமத்து மண்ணுல பண்றது.

வாய் ஏன் அகலம்? மேல ஏடு படியறதுக்கு. வேக வேக மேல பழுப்பா ஒரு ஏடு கட்டும். அதைக் கரண்டியால உடைச்சு உள்ள அமுக்கணும். திரும்பக் கட்டும், திரும்ப உடைக்கணும். ஏழு தடவை உடைக்கணும்னு ஊர்ல ஒரு பேச்சு. எட்டாவது ஏடுதான் நம்ம மேஜைக்கு வரும். நம்ம வீட்ல அடிப்பிடிச்ச பால்கோவாவுக்குச் சண்டை போடுவோம் இல்லையா, இங்க மேல்பிடிப்புக்குச் சண்டை.

எனக்கு வந்த சட்டி மேஜையில வெச்சப்பறமும் ரெண்டு நிமிஷம் கொதிச்சுது. ஏட்டைக் கரண்டியால தட்டினா அப்பளம் மாதிரி சத்தம். அதுக்குக் கீழ பீன்ஸ் ஒவ்வொண்ணும் முழுசா இருக்கு, ஆனா நாக்குல வெச்சா வெண்ணெய். காரம்னு ஒண்ணும் கிடையாது. மொத நாலு வாய் "என்னடா இது, ஊறுகாய் வேணுமே"ன்னு தோணிச்சு. அஞ்சாவது வாய்ல அந்த எண்ணம் போயிடுச்சு.

இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறு வருஷப் போர் நேரத்துல, முற்றுகையில மாட்டின ஊர்மக்கள் மிச்சம் மீதியெல்லாம் ஒரே சட்டியில போட்டு ஆக்கினதுதான் இதுன்னு ஒரு கதை சொல்வாங்க. 1355-ல இங்கிலாந்து இளவரசன் படை இந்த ஊரைக் கொளுத்தினது நிஜம். ஆனா இந்த வெள்ளை பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் கப்பல் கிளம்பினதே 1492-ல. அதனால அப்ப ஆக்கியிருந்தாலும் வேற ஏதோ அவரையிலதான் ஆக்கியிருப்பாங்க. துலூஸ், கார்க்கசோன்காரங்களும் கஸூலே எங்களுதுன்னு சொல்வாங்க. பஞ்சாயத்தைத் தீர்க்க ப்ரோஸ்பே மொந்தாஞேன்னு ஒரு பெரிய சமையல்காரர் ஒரு தீர்ப்பு சொன்னார்: பிதா காஸ்தெல்னோதாரி, சுதன் கார்க்கசோன், பரிசுத்த ஆவி துலூஸ். இதுல வேடிக்கை என்னன்னா, அவர் பொறந்தது கார்க்கசோன்ல.

[காட்சி: சாலட் தட்டு, நெருக்கத்தில்]

சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "கறி வேண்டாம்"னு சொன்னா, அதுல மீனும் கோழியும் சேருமான்னு தெளிவா சொல்லிடுங்க. சாலட்னு நம்பி வாங்கினா, அதுல 'லார்தோன்'னு பன்றிக்கொழுப்புத் துண்டு தூவியிருக்கும். சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட், சாதா ஆம்லெட், இது ரெண்டும் கைகொடுக்கும். போன் பண்ணும்போதே சொல்லிட்டா ஏதாவது பண்ணி வைப்பாங்க. வந்து உட்கார்ந்தப்பறம் சொன்னா உருளைக்கிழங்குதான். மாட்டுக்கறி சாப்பிடறவங்களுக்கு: 'செய்ஞான்'னா உள்ள ரத்தம் கசியும். நல்லா வெந்திருக்கணும்னா 'பியான் குயி'. சமையல்காரர் மனசு கொஞ்சம் நோகும், நோகட்டும்.

சீஸ் இனிப்புக்கு முன்னாடி வரும். இனிப்பு முடிஞ்சப்பறம்தான் காபி, ரெண்டும் சேர்ந்து வராது. 'காஃபே'ன்னா சின்னக் கப்புல கறுப்புக் காபி. பால் காபி அவங்களுக்குக் காலையில குடிக்கறது.

[காட்சி: சின்னத் தட்டில் பில், மேலே இரண்டு நாணயம்]

பில் தானா வராது. அரை மணி நேரம் கையைக் கட்டி உட்கார்ந்தாலும் வராது. கேட்காம பில் வைக்கறது, எழுந்து போங்கன்னு சொல்றதுக்குச் சமம். 'லாதிசியோன், சில் வூ ப்லே'ன்னு கேட்கணும். போட்டிருக்கற விலையிலேயே வரியும் சர்வீஸ் கட்டணமும் அடக்கம். சர்வீஸ் சேர்த்த விலையைத்தான் எழுதணும்னு 1987-லேயே விதி வந்தாச்சு. அதனால டிப்ஸ் கட்டாயமில்ல. பிடிச்சிருந்தா ஒண்ணு ரெண்டு யூரோ வெச்சுட்டு வரலாம். மிச்சத்தைக் கட்டிக் குடுங்கன்னு கேட்டா, 2021 ஜூலையில இருந்து டப்பா குடுத்தாகணும். ஆனா ஊர்க்காரங்க இன்னும் கேட்கக் கூச்சப்படறாங்க. நான் கூச்சப்படல.

நான் டப்பாவுக்காகக் காத்துக்கிட்டு இருந்தப்போ மணி ரெண்டரை. மேஜையெல்லாம் காலி. உள்ளயிருந்து சமையல்காரர் ஏப்ரனை அவுத்துக்கிட்டே வந்தார். அந்த அம்மா ரெண்டு தட்டு, மிச்சமிருந்த ரொட்டி, ஒரு ஜாடி தண்ணி எடுத்துட்டு வந்து என் பக்கத்து மேஜையில வெச்சாங்க. ரெண்டு பேரும் உட்கார்ந்து, பேசாம, வேகமா சாப்பிட ஆரம்பிச்சாங்க.