"ராமநாதபுரத்துல இதுவரை யாரும் பண்ணல"ன்னு எழுதி ஜர்னலுக்கு அனுப்பாதீங்க

எல்லாருக்கும் வணக்கம் மக்களே. மண்டபத்துல வடகடல் ஓரமா நின்னுதான் பேசுறேன். காத்துச் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. வீட்டுல கரண்டு இல்ல, வேற வழியும் இல்ல.

மேனேஜ்மென்ட் ஜர்னலுக்கு, அதாவது ஆய்விதழுக்கு, பேப்பர் எழுதி அனுப்புறதைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன். காமர்ஸ், எம்.பி.ஏ. முடிச்சுட்டு பிஎச்.டி. பண்ற புள்ளைங்க நம்ம பக்கம் இப்ப நிறைய ஆயிட்டீங்க. "அக்கா, ஒரு தடவை படிச்சுப் பாத்துச் சொல்லுங்க"ன்னு பேப்பர் அனுப்புறீங்க. படிக்கிறேன். முன்னுரையோட கடைசிப் பாராவுக்கு வந்தா முக்கால்வாசிப் பேர் எழுதுறது ஒரே விஷயம்: ராமநாதபுரம் மாவட்டத்துல இந்தத் தலைப்புல ஆய்வே நடக்கல, அதனால நாங்க பண்ணோம்.

எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்து படிக்கிற எடிட்டருக்கு என்ன தோணும்? ராமநாதபுரத்துல நடக்கல, சரி. சிவகங்கையிலயும்தான் நடக்கல. உலகத்துல லட்சம் ஊர்ல நடக்கல. இங்க நடந்தா எங்களுக்குப் புதுசா என்ன தெரியப்போகுதுன்னு கேப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லேன்னா பேப்பரைப் படிச்சு மதிப்பிடுற ரிவ்யூவர் கைக்கே போகாது, எடிட்டரே திருப்பி அனுப்பிடுவார், அதான் டெஸ்க் ரிஜெக்ட். ஊரைச் சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லல. நம்ம ஊர்ல சரக்கு ஏராளமா இருக்கு, அதை ஆய்வாளர்கள் நடத்திட்டு இருக்குற எந்தப் பேச்சுக்குள்ள கொண்டுபோய்ச் சேக்குறோம்னு பாக்கணும்.

2009ல பொருளாதார நோபல் பரிசை ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. ஒருத்தர் எலினோர் ஆஸ்ட்ரம், இன்னொருத்தர் ஆலிவர் வில்லியம்சன். காடு, மேய்ச்சல் நிலம், மீன்பிடி இடம்னு பொதுச்சொத்தை ஜனங்க தாங்களே கட்டுப்பாடு போட்டுக் காப்பாத்த முடியும்னு ஆராய்ஞ்சவர் ஆஸ்ட்ரம். ஒரு வேலையை சந்தையில வாங்குறதா, கம்பெனிக்குள்ளேயே பண்ணிக்கிறதா, அதுல ஒப்பந்தத்துக்கு ஆகுற செலவு என்னன்னு பாத்தவர் வில்லியம்சன். இந்த ரெண்டு பேர் கேட்ட கேள்வியும் நம்ம கரையில தினமும் நடந்துட்டு இருக்கு.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போற அக்காமாரைப் பாத்திருப்பீங்க. மரிக்கொழுந்து, கட்டக்கோரைன்னு பாறையில இருந்து பறிச்சுட்டு வருவாங்க. மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் 1986ல கடல்சார் தேசியப் பூங்காவுக்குள்ள வந்துருச்சு. அதுல இருந்து வனத்துறையோட இழுபறி. ஆனா எத்தனை நாள் எடுக்கலாம், எப்ப விட்டுடணும்னு அந்தப் பொம்பளைங்க தங்களுக்குள்ளேயே பேசி ஒரு கட்டுப்பாடு வச்சிருக்காங்க. இது ஆஸ்ட்ரம் கேள்வி. 'பாசி சேகரிக்கும் பெண்களின் பிரச்சனைகள் – ஓர் ஆய்வு'ன்னு தலைப்பு வச்சா அது காணாமப் போயிடும். மேலே அரசாங்கத்தோட சட்டம் ஒண்ணு இருக்கும்போது கீழே ஜனங்க போட்ட கட்டுப்பாடு எப்படி நிக்குதுன்னு கேளுங்க. அதைப் படிக்க பெரு நாட்டுலயும் ஆள் இருக்கான், பிலிப்பைன்ஸ்லயும் இருக்கான்.

இன்னொண்ணு முன்பணம், இது வில்லியம்சன் கேள்வி. போட்டுக்காரர் வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்குவார். வலை, இஞ்சின் வேலை, கல்யாணச் செலவு, எதுக்கு வேணா இருக்கலாம். வாங்கிட்டா நண்டோ கணவாயோ, பிடிச்சது அந்த வியாபாரிக்குத்தான் போகணும், அவர் சொல்ற விலைக்கு. பல இடத்துல ஒரு எழுத்து, ஒரு பத்திரம் கிடையாது. இருந்தும் வருசக்கணக்கா ஓடுது. ஏன் ஓடுது? எப்ப உடையுது? பக்கத்து வியாபாரி கிலோவுக்கு அம்பது ரூபாய் கூடச் சொன்னா போட்டுக்காரர் மாத்துவாரா? இது சுரண்டல்னு ஒரே அடியா எழுதிட்டுப் போறவங்களும் உண்டு, பரஸ்பர நம்பிக்கைன்னு இனிக்க இனிக்க எழுதுறவங்களும் உண்டு. எனக்கு ரெண்டு பேர்மேலயும் நம்பிக்கை இல்ல. ஒரே ஆளுக்கு ஒரே வருசத்துல ரெண்டாவும் இருக்கும், அதை எழுதினா பேப்பர் நிக்கும்.

முன்னுரையோட முதல் ரெண்டு பக்கம் ஏலக்கூடையில மேல பரப்பி வைக்கிற மீன் மாதிரி. எடிட்டர் கூடைக்குள்ள கைய விட்டெல்லாம் பாக்க மாட்டார். அதனால 'மீன்வளம் இந்தியப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு'ன்னு ஆரம்பிக்காதீங்க. தயவு செஞ்சு.

டேட்டா பத்தியும் சொல்லிடுறேன். நம்ம பக்கத்து ஆய்வுகள்ல ஒரு பழக்கம் உண்டு: 120 பேர்கிட்ட கொஸ்டினர், சதவீதம், ரெண்டு விஷயத்துக்குத் தொடர்பு இருக்கான்னு பாக்குற கை-ஸ்கொயர், கடைசியில காரணங்களை வரிசைப்படுத்துற காரெட் ரேங்கிங். வைவாவுக்கு, அதாவது பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்கு, அது போதும். ஜர்னலுக்குப் போதாது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே தாள்ல காரணத்தையும் விளைவையும் நிரப்பிக் கொடுத்தா, ரெண்டுக்கும் தொடர்பு இருக்குற மாதிரித்தான் தெரியும். ரிவ்யூவர் முதல்ல கை வைக்கிற இடம் அதுதான். அதுக்கு காமன் மெத்தட் பயஸ்னு பேர். வியாபாரியோட கணக்கு நோட்டு ஒரு பக்கம், போட்டுக்காரர் பேச்சு ஒரு பக்கம்னு வச்சு எழுதுங்க. ஏலம் விடுற இடத்துல விடியக்காலம் போய் நில்லுங்க. அப்பதான் கொஸ்டினர்ல வராத விஷயம் வரும்.

அடுத்து, எந்த ஜர்னல்? பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, நல்ல ஜர்னல்னு ஏத்துக்கிட்ட யுஜிசி-கேர் பட்டியல் 2019ல வந்துச்சு, 2025 பிப்ரவரியில அதை நிறுத்திட்டதா யுஜிசி அறிவிச்சாச்சு. இன்னமும் 'கேர் லிஸ்ட் ஜர்னல், மூணு நாள்ல பப்ளிகேஷன்'னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வருது பாருங்க, பாத்தாலே புரிஞ்சுக்கலாம். மூணு நாள்ல எவன் படிச்சான்? தீசிஸ் கொடுக்க முன்னாடி பேப்பர் கட்டாயம்னு இருந்த விதியையும் யுஜிசி 2022லயே எடுத்துருச்சு. ஆனா உங்க யுனிவர்சிட்டி தனியா விதி வச்சிருக்கலாம், கேட்டுக்கோங்க. ஜர்னல்களைப் பட்டியல் போடுற ஸ்கோபஸ் தரவுத்தளத்துல இருக்குன்னு சொன்னா ஸ்கோபஸ் தளத்துக்கே போய்த் தேடுங்க, இலவசம்தான். ஜர்னல் தளத்துல ஒட்டியிருக்கிற லோகோவை நம்பாதீங்க. நல்ல ஜர்னல் பேர்லயே போலித் தளம் நடத்துறவங்களும் இருக்காங்க. மேனேஜ்மென்ட்ல ஆஸ்திரேலிய பிசினஸ் டீன்ஸ் கவுன்சில் பட்டியல் ஒண்ணு இருக்கு, ஏ ஸ்டார், ஏ, பி, சின்னு தரம் பிரிச்சிருப்பாங்க. முதல் பேப்பருக்கு பியோ சியோ கிடைச்சாலே சந்தோஷப்படலாம். காசு விஷயம்: சந்தா முறையில நடக்குற பெரும்பாலான ஜர்னல்ல எழுதுறவங்க கட்ட வேண்டியது எதுவும் இல்ல. யார் வேணா இலவசமாப் படிக்கிற மாதிரி ஓப்பன் ஆக்சஸ் கேட்டாத்தான் கட்டணம். 'வேண்டாம்'னு டிக் பண்ணிட்டுப் போங்க.

அனுப்புறப்போ பேர் இருக்குற டைட்டில் பேஜ் தனி ஃபைல், பேர் இல்லாத பேப்பர் தனி ஃபைல். ரிவ்யூவருக்கு நீங்க யாருன்னு தெரியக்கூடாது. அது எல்லாருக்கும் தெரியும், ஆனா கடைசிப் பக்கத்துல 'என் நெறியாளருக்கும் கல்லூரி முதல்வருக்கும் நன்றி'ன்னு பேரோட விட்டுடுவீங்க. வேர்டு ஃபைலோட ப்ராப்பர்டீஸ்ல உங்க பேர் உக்காந்திருக்கும். 'எங்கள் முந்தைய ஆய்வில்'னு எழுதினாலே கதை முடிஞ்சது, அதை மூணாவது மனுசன் ஆய்வு மாதிரி எழுதணும். சுருக்கம் எப்படி வேணும்னு ஒவ்வொரு ஜர்னலும் ஒவ்வொரு மாதிரிக் கேக்கும். எமரால்டு பதிப்பகத்துக்காரங்க நோக்கம், முறை, கண்டது, புதுமைன்னு பிரிச்சு 250 வார்த்தைக்குள்ள கேப்பாங்க. ஏஐ உபயோகிச்சிருந்தா எங்கன்னு சொல்லிடுங்க, அதை ஆசிரியர் பட்டியல்ல சேக்க முடியாது. தீசிஸ்ல இருந்து எடுத்த பேப்பர்னா கவர் லெட்டர்ல அதையும் ஒரு வரி போடுங்க. தீசிஸ் இந்திய ஆய்வேடுகளைச் சேத்து வைக்கிற சோத்கங்கா தளத்துல ஏறியிருந்தா, எவ்வளவு வரி ஒத்துப்போகுதுன்னு காட்டுற சிமிலாரிட்டி ரிப்போர்ட்ல சதவீதம் எகிறும்.

அனுப்பியாச்சு. மாசக்கணக்கா சத்தமே இருக்காது. 'ரெண்டு ஜர்னலுக்கு ஒரே நேரத்துல போட்டு வை'ன்னு யாராவது யோசனை சொல்லுவாங்க. கேக்காதீங்க, கண்டுபிடிச்சா ரெண்டும் போகும். பெருசா திருத்தி அனுப்பச் சொல்லி மேஜர் ரிவிஷன்னு வந்தா அழுதுட்டு எனக்கு ஃபோன் பண்ணாதீங்க, அது நல்ல செய்தி. அவங்க கேட்ட ஒவ்வொண்ணுக்கும் கீழே உங்க பதில், எந்தப் பக்கத்துல மாத்தினீங்கன்னு எழுதணும். ரிவ்யூவர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டணும்னு இல்ல. 'முன்பணம் இவ்வளவு கஷ்டம்னா ஏன் பேங்க்ல கடன் வாங்கல?'ன்னு ஒரு ரிவ்யூவர் கேக்கலாம். கோபம் வரும். ஆனா அவருக்கு நம்ம கடல் தெரியாது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கே போகாது. பேங்க் தவணை அந்த ரெண்டு மாசமும் நிக்காது. வியாபாரி அந்த நேரத்துலதான் மேல கொஞ்சம் கொடுப்பார். இதை ரிவ்யூவருக்குப் போடுற லெட்டர்ல மட்டும் எழுதாம பேப்பருக்குள்ளயும் ஒரு பாரா சேருங்க, ஏன்னா படிக்கிற அடுத்த ஆளும் அதையேதான் கேப்பான்.

அந்தப் பதில் லெட்டரை வரிக்கு வரி எப்படி எழுதுறதுன்னு அடுத்த வீடியோவுல ஒரு மாதிரி வச்சே காட்டுறேன். வெயில் மண்டையைப் பொளக்குது, கிளம்புறேன் மக்களே.