மகளின் புத்தகத்தை அம்மா ஒளித்துப் படிக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் நான்கைந்துக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்றைத் தாண்ட மாட்டேன் போலிருக்கிறது. இங்கே சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி அது. திங்கட்கிழமை படித்தேன், இன்று வரை விடவில்லை. ஈரச்சந்தையில் அதையே யோசித்துக்கொண்டு நின்றதில், மீன்காரர் நீட்டிய மிச்சக் காசை வாங்காமலே வந்துவிட்டேன்.

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அவருக்கு 44 வயது. ராஃபிள்ஸ் பிளேஸில் கணக்கு வேலை. 11 வயதில் ஒரு மகள். மகள் விழுந்து விழுந்து படிக்கும் மாயாஜால நாவலை, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் எடுத்தாராம். முதல் பாகம் முடிந்து, இரண்டாம் பாகமும் முடிந்துவிட்டது. படிப்பது ரயிலில். அட்டையில் பெரிய டிராகன் படம். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று, பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, முருகன் படம் உள்பக்கம் போகும்படி மடித்து அட்டை போட்டிருக்கிறார். அப்படியும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்பவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இன்னும் சின்னப் பிள்ளையா நீங்க?" என்று சிரித்திருக்கிறார். "எனக்கு மனசு வளரவே இல்லையா அங்கிள்? இல்லை, நிஜ வாழ்க்கையிலிருந்து ஓடுகிறேனா?" என்று கேட்கிறார். கடைசியில் இன்னொரு சின்னக் கேள்வியும் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த நாட்காட்டித் தாள். சகோதரி, நீங்கள் கையால் செய்ததை லண்டனில் ஒரு பதிப்பகம் அச்சு இயந்திரம் வைத்துச் செய்தது. ஹாரி பாட்டர் முதல் புத்தகம் 1997-ல் வந்தது. கெட்டி அட்டையில் முதலில் அடித்தது 500 பிரதிதான். மறு வருஷமே, 1998-ல், பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டார்கள். வண்ணப் படம் போய், கறுப்பு வெள்ளையில் ஒரு நீராவி ரயிலின் புகைப்படம் வந்தது. உள்ளே கதை அதேதான். அதாவது, பதிப்பகமே முருகனை உள்பக்கம் மடித்துக் கொடுத்தது. ரயிலில் கூச்சப்படுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் அவர்கள் ஏன் அதற்குப் பணம் செலவழிக்கப் போகிறார்கள்?

சரி, ஒரு புத்தகம் பிள்ளைகளுக்கானது என்று யார் முடிவு செய்கிறார்கள்? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1936-ல் ஒரு கதை பிரசுரத்துக்கு வந்தது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், பிள்ளைகள் புத்தகத்துக்குப் பிள்ளைதான் நீதிபதி என்று தன் 10 வயது மகனிடம் கொடுத்தார். படித்து அறிக்கை எழுதினால் ஒரு ஷில்லிங் கூலி. பையனும் எழுதினான். புத்தகம் நன்றாக இருக்கிறது, 5 வயதிலிருந்து 9 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்றான். கவனித்தீர்களா? அவனுக்கு வயது 10! படித்து ரசித்தது அவன். ஆனால் புத்தகம் 9 வயதோடு சரியாம். எல்லாருக்குமே அது தனக்குக் கீழே இருப்பவனுடைய புத்தகம்தான். 11 வயதுக்காரி தம்பிக்கு என்பாள், 44 வயதுக்காரர் மகளுக்கு என்பார். என் மனைவியைக் கேட்டால் எனக்கு என்பாள்.

அந்தப் புத்தகம்தான் 1937-ல் வந்த 'ஹாபிட்'. எழுதிய டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் நடத்திய பேராசிரியர். அவர் 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மாயக்கதைகள் பிள்ளைகளின் சொத்து ஆனது ஒரு தற்செயல் என்றார். வீட்டில் பழசாகிப்போன மேசை நாற்காலியைப் பிள்ளைகள் அறையில் கொண்டுபோய்ப் போடுகிறோம் அல்லவா, அப்படி இந்தக் கதைகளையும் பெரியவர்கள் தங்களுக்கு வேண்டாம் என்றானதும் அங்கே தள்ளிவிட்டார்களாம். எங்கள் தோ பாயோ வீட்டில் என் அம்மாவின் தேக்கு அலமாரி அப்படித்தான் உள்ளறைக்குப் போனது. என் மகன் அதில் பொம்மைக் கார் அடுக்கினான். இப்போது பேரன் அதைப் பொம்மை அலமாரி என்கிறான். அம்மா அதில் தாலிக்கொடியும் வீட்டுப் பத்திரமும் வைத்திருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

2000 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் இப்படி ஓர் அலமாரியைத் தள்ளியது. அதிகம் விற்கும் நாவல்களின் பட்டியலில் ஹாரி பாட்டர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நகராததால், சிறுவர் நூல்களுக்குத் தனிப் பட்டியல் போட்டுவிட்டார்கள்.

நம்மிடமும் இதுதான் நடந்தது. வேதாளத்தைப் பற்றி நான் மூன்று பகுதி பேசியது பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். புதியவர்களுக்கு ஒரு வரி: 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் இருக்கின்றன. அவர் அந்த நூலை எழுதியது சூரியவதி என்ற ராணியின் மனம் தேறுவதற்காக. அதாவது ராணி உட்கார்ந்த நாற்காலி இது. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா என்ற சிறுவர் இதழ் வழியாகப் பின்னாளில் அதே வேதாளம் பிள்ளைகள் அறைக்கு வந்து சேர்ந்தது. வந்தது நல்லதுதான், இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு வேதாளமே தெரிந்திருக்காது.

நான் வேதாளத்தைச் சந்தித்தது முடிவெட்டும் கடையில். 1966, எனக்குப் பத்து வயது. அப்பா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கப்பற்படைத் தளத்தில் வேலை. அங்கே ஒரு கடை, தகரக் கூரை, இரண்டே நாற்காலி. பெஞ்சில் 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை' ஒன்று கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பல் பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கோப்பி குடித்துக்கொண்டே கேட்பார்கள். கையில் எண்ணெய்க் கறையோடு, மீசையோடு, அத்தனை பேரும் பெரியவர்கள். புத்தகம் என் கைக்கு வர மதியம் ஆகிவிடும்.

அன்றைக்குப் படித்தது தலை மாறிய கதை. ஒருத்தியின் கணவனும் அவளுடைய அண்ணனும் கோயிலில் தலையை அறுத்துக்கொள்கிறார்கள். அம்மன் அவளிடம், தலைகளை உடம்போடு ஒட்டிவை, உயிர் வரும் என்கிறாள். பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இருவரும் எழுந்து நிற்கிறார்கள். இதில் யார் கணவன்? வேதாளம் கேட்டுவிட்டது. விக்கிரமன் பதில் சொல்ல வேண்டும். படித்தவர் பக்கத்தைத் திருப்பினால், பக்கம் இல்லை! கடைக்காரர் சவரக் கத்தியில் ஒட்டிய நுரையைத் துடைக்கக் கிழித்துவிட்டார். அவர் வாடிக்கையாகக் கிழிப்பது பழைய நாளிதழை, அன்றைக்கு எது கைக்குக் கிடைத்ததோ.

அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கடையில் முடி வெட்டியதாக எனக்கு நினைவில்லை. தலைதான் கணவன் என்றார் ஒருவர், பேசுவதும் அடையாளம் தெரிவதும் தலைதானே. வெல்டிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் எழுந்து, "தாலி கட்டினது எது? கைதானே! கை எந்த உடம்புல இருக்கு?" என்றார். கடையே அமைதியாகிவிட்டது. மூன்றாமவர், கூடப்பிறந்த அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்றார். பதில் தலைதான் என்பதை நான் பல வருஷம் கழித்து நூலகத்தில் படித்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சப்பென்று இருந்தது.

என் பதில் அந்தக் கடையில்தான் இருக்கிறது. எனக்கு அன்று தெரிந்தது ஒட்டிய தலை மட்டும்தான், அடடா ஒட்டிக்கொண்டதே என்று வாயைப் பிளந்தேன். அவர்களுக்குத் தாலி தெரிந்தது. ஊரில் மனைவியை விட்டுவிட்டு இங்கே பத்து வருஷமாக இருக்கிறவர்களுக்கு, யார் கணவன் என்பது வேடிக்கைக் கேள்வி இல்லை. கதை ஒன்றுதான், நாம் கொண்டுபோகும் சாமான் வேறு.

இன்னொன்று பாருங்கள். 1968-ல் உர்சுலா லெ குவின் எழுதிய ஒரு நாவலில், தீவுகள் நிறைந்த உலகம். அங்கே ஒவ்வொருவருக்கும் உண்மைப் பெயர் ஒன்று உண்டு. அது தெரிந்தவனுக்கு உங்கள் மேல் பிடி வந்துவிடும். அதனால் உயிரையே கொடுக்கத்தக்கவரிடம் மட்டும்தான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டின் விதி. எனக்கு என் பாட்டி ஞாபகம். தாத்தா பெயர் ஆறுமுகம், பாட்டி அதை வாயால் சொன்னதே இல்லை. அடையாள அட்டை பதியப் போன இடத்தில் கணவர் பெயர் கேட்டபோது ஆறு விரலைக் காட்டி, அப்புறம் முகத்தைச் சுற்றிக் கையைச் சுழற்றியிருக்கிறாள். மலாய் அதிகாரி அவளுக்கு ஆறு பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டாராம். பெயருக்கு வலிமை உண்டு என்று அந்த நாவலைப் படித்துத்தான் பாட்டி தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

அப்புறம், நான் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம்: இந்தக் கதைகளில் விதி வளையாது. வேதாளம் கேட்டதற்குத் தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்றால் வெடிக்கும். திறக்காதே என்ற கதவைத் திறந்தால் ஏதாவது வரும், மன்னிப்புக் கடிதம் எழுதி மூட முடியாது. நான் ஒரு கிடங்கில் கிளார்க்காக இருந்தபோது மேலாளர் ஆறு வருஷம் என்னிடம் சொன்னார், "அடுத்த வருஷம் உனக்குத்தான்." அந்த இடத்துக்கு வெளியாளைப் போடப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மௌனமாக இருந்தார். தலை வெடிக்கவில்லை. அவருக்குத் தங்கக் கடிகாரம் கொடுத்து வழியனுப்பினார்கள். அந்த ராத்திரி நான் வேதாளக் கதையைத்தான் எடுத்தேன். சொன்ன சொல்லுக்கு விலை இருக்கிற ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும் போலிருந்தது. பத்து வயதில் விதி வளையும் என்பதே தெரியாதே, அதனால் அப்போது இந்த ருசி தெரியாது.

இதை ஓடிப்போவது என்று யாராவது சொன்னால், அதற்கும் டோல்கீன் அதே சொற்பொழிவில் பதில் வைத்திருக்கிறார். சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பதும், போர்க்களத்திலிருந்து சிப்பாய் நழுவுவதும் ஒன்றா என்கிறார். பழைய ஞாபகம், பால்ய காலம் என்றும் சிலர் சொல்வார்கள். அது உங்களுக்குப் பொருந்தாது. சின்ன வயதில் வீட்டில் பாடநூலும் அசெஸ்மென்ட் என்ற பயிற்சிப் புத்தகமும் தவிர வேறெதுவும் இருந்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இல்லாத ஞாபகம் எங்கிருந்து வரும்?

நீங்கள் வேறொன்று கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. உங்கள் மகளிடமிருந்து திருடிப் படிக்க ஒரு தமிழ்ப் புத்தகம் ஏன் இல்லை? பேத்தியோடு நூலகத்துக்குப் போகிறேன். ஆங்கில அலமாரியிலிருந்து அவள் எடுப்பது செங்கல் கனத்தில் இருக்கும். தமிழ் அலமாரியில் நாங்கள் எடுத்தது இருபத்து நாலு பக்கம், ஓர் அணில், ஒரு மாம்பழம். அணில் "நான் இக்கனியை உண்ண விரும்புகிறேன்" என்று பேசியது. கடைசிப் பக்கத்துக்கு முன்னாலேயே மூடிவிட்டாள். ஏனம்மா என்றேன். "அடுத்த பக்கத்துல நல்ல பிள்ளையா இருக்கச் சொல்லும் தாத்தா" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. வேதாளம் கேள்வியோடு நிறுத்தியது, நாம் நீதியோடு நிறுத்துகிறோம். பிள்ளைகளுக்குக் கதை எழுத வாண்டுமாமா மாதிரி ஒருவர் இருந்தும், அவரை ஐம்பது வயதுக்காரர்கள்தான் தேடி அலைகிறார்கள். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது அந்த வெல்டிங் அண்ணனை மனதில் வைத்து எழுதினால் என்ன? அவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டால் அணில் அப்படிப் பேசாது.

சரி, எங்கேயோ போய்விட்டேன். அந்தச் சின்னக் கேள்வி. மகள் மூன்றாம் பாகத்தில் பாதியில் இருக்கிறாளாம், தினமும் இரண்டு அத்தியாயம்தான் படிக்கிறாளாம். அவள் தூங்கியதும் எடுத்து நான் முந்திப் படித்துவிட்டு, தெரியாத மாதிரி இருக்கலாமா என்று கேட்கிறார்.

கூடாது சகோதரி. நாளைக்குக் காலையில் அவள், "அம்மா, அந்த டிராகன் செத்துடுமா?" என்று கேட்பாள். தெரிந்தும் நீங்கள் மௌனமாக இருக்க வேண்டியிருக்கும். தலை என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.