தெரிந்தும் வாய் திறக்காதவர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

பேஸ்பால் வரலாற்றின் அசிங்கமான பக்கங்களைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள். உடனே நினைவுக்கு வந்தவை பல. சொந்த அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டி 1989-இல் வெளியேற்றப்பட்ட பீட் ரோஸ், ஊக்க மருந்தில் உடம்பை ஊதவைத்துக்கொண்டு ஆடிய 1990-கள், குப்பைத்தொட்டியைத் தட்டி எதிரணியின் சைகையை அடிப்பவருக்குச் சொல்லிக்கொடுத்த 2017-ஆம் ஆண்டின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். இவற்றை இன்று விட்டுவிடுகிறேன். பக் வீவர் என்ற ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

1919. சிகாகோ ஒயிட் சாக்ஸ் அன்றைக்கு மிக வலுவான அணி. வேர்ல்ட் சீரிஸ் எனப்படும் இறுதித் தொடரில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியைச் சந்திக்கிறார்கள். அந்த ஆண்டு ஒன்பது ஆட்டங்கள், ஐந்து ஜெயித்தால் கோப்பை. ஒயிட் சாக்ஸ் உரிமையாளர் சார்லஸ் கொமிஸ்கி. அன்றைய ஒப்பந்தங்களில் ஒரு விதி உண்டு. ஓர் அணியில் கையெழுத்துப் போட்டவர், அந்த அணியே விற்றாலோ விடுவித்தாலோ ஒழிய, வேறு எங்கும் போய் ஆட முடியாது. கொடுக்கிற சம்பளத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், பிடிக்கவில்லை என்றால் ஆட்டத்தையே விட வேண்டும். 1975 வரை இதுதான் நிலைமை. இதை நான் சொல்வது யாருடைய தப்பையும் மறைக்க அல்ல. சூதாடிகள் வந்து கதவைத் தட்டியபோது அந்த அறைக்குள் என்ன மனநிலை இருந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, நட்சத்திரப் பந்துவீச்சாளர் எடி சிகாட்டின் தலையணைக்கு அடியில் 10,000 டாலர் வந்து சேர்ந்தது. மறுநாள், அக்டோபர் 1, ரெட்ஸின் முதல் ஆட்டக்காரரை அவர் பந்தால் முதுகில் அடித்தார். பணம் வாங்கிக்கொண்டு தொடரை வேண்டுமென்றே தோற்பது என்ற பேரம் உறுதி என்று சூதாடிகளுக்குக் கொடுத்த சைகை அது. அந்த ஆட்டத்தில் 9-1 என்று தோற்றார்கள். தொடரை 5-3 என்று இழந்தார்கள். நியூயார்க் சூதாட்டப் புள்ளி ஆர்னால்ட் ராத்ஸ்டீனின் பேர் இதில் அடிபட்டது. ஆனால் அவர் மேல் கடைசிவரை குற்றச்சாட்டு பதிவாகவில்லை.

ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஜோ ஜாக்சனை உலகத்துக்கே தெரியும். சிறுவயதிலேயே தென் கரோலினாவின் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 5,000 டாலர் வாங்கிக்கொண்டதாகச் சாட்சி சொன்னார். ஆனால் அதே தொடரில் 12 ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தார். சராசரி .375, அடிக்க நின்ற எட்டு முறையில் மூன்று முறை ஹிட் என்று கணக்கு. தோற்கப் பணம் வாங்கியவர் ஏன் இப்படி அடித்தார் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது.

சரி, அந்த எட்டுப் பேரில் இன்னொருவரான வீவர்? அவரும் நன்றாகவே ஆடினார், சராசரி .324. ஒரு காசு வாங்கவில்லை. அவர் செய்தது இதுதான்: பேரம் பேசிய கூட்டத்தில் இருந்தார், காதால் கேட்டார், யாரிடமும் சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட ஏழு பேரும் விடுதலையானார்கள், எட்டாவது ஆள் விசாரணைக்கே வரவில்லை. வாக்குமூலக் காகிதங்கள் விசாரணைக்கு முன்பே காணாமல் போயிருந்தன. தீர்ப்பு வந்தது 1921 ஆகஸ்ட் 2. மறுநாளே, பேஸ்பாலின் முதல் ஆணையராக அமர்ந்திருந்த கெனசா மவுண்டன் லேண்டிஸ் என்ற நீதிபதி, எட்டுப் பேருக்கும் வாழ்நாள் தடை போட்டார். அவர் சொன்னதன் சாரம் இது: ஜூரி என்ன சொன்னாலும் சரி, ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவனும் விட்டுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டவனும் இனி ஆட முடியாது. அந்தப் பேச்சு நடந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தன் கிளப்பிடம் உடனே போய்ச் சொல்லாதவனும் ஆட முடியாது.

கடைசியில் சொன்ன அந்த ஆள் வீவர். தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தது குற்றம். வீவர் பலமுறை மனுப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. 1956-இல் சிகாகோ தெரு ஒன்றில் நடந்துபோகும்போது விழுந்து இறந்தார். இறந்துபோனவர்களுக்குத் தடை எதற்கு என்று சொல்லி, 2025 மே மாதம்தான் எட்டுப் பேரின் பெயரையும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

லேண்டிஸின் விதி சரியான விதி என்றே நான் நினைக்கிறேன். வீவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு, ஆனாலும் விதி சரிதான். அதனால்தான் அந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே ஆட்டத்தில் வேறொரு பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

1884-இல் டொலீடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் கேட்சராக ஆடினார். நம்முடைய கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் இடம் மாதிரி. அந்தக் காலத்தில் பெரும்பாலும் வெறும் கையால் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, கேப் ஆன்சன் என்ற பெரிய நட்சத்திரம் வாக்கர் இறங்கினால் தன் அணி ஆடாது என்று மிரட்டினார். டிக்கெட் பணத்தில் பங்கு போய்விடும் என்று தெரிந்ததும் ஆடினார். 1887 ஜூலையில் நூவர்க்கில் அதே மிரட்டல் பலித்தது. இனிமேல் கறுப்பர்களைப் புதிதாக எடுப்பதில்லை என்று இன்டர்நேஷனல் லீக் என்ற அடுத்த நிலைப் போட்டியின் உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டு முடிவெடுத்ததும் அதே நாளில்தான். ஆறு ஓட்டுக்கு நாலு.

பெரிய லீக்குகளில், அதாவது நாட்டின் முதல்நிலைப் போட்டிகளில், ஓட்டுகூடத் தேவைப்படவில்லை. எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. ஆனால் எல்லா உரிமையாளருக்கும் தெரியும், எல்லா மேனேஜருக்கும் தெரியும். பத்திரிகைக்காரருக்கும் கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்கும்கூடத் தெரியும். இப்படியே ஏறக்குறைய 60 ஆண்டுகள்.

1920 நவம்பர் முதல் 1944-இல் இறக்கும்வரை லேண்டிஸ்தான் ஆணையர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் மருத்துவராக இருந்த அவருடைய அப்பா, அடிமை முறைக்காக நின்ற தெற்கோடு போரிட்டுக் காயம்பட்ட மலையின் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார். அந்த மகனின் 24 ஆண்டுகளில் ஒரு கறுப்பர்கூட பெரிய லீக்கில் ஆடவில்லை. 1942-இல் இது பற்றிப் பேச்சு எழுந்தபோது, கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதியோ உடன்பாடோ கிடையாது என்று அறிக்கை விட்டார். 1943 டிசம்பரில் பாடகர் பால் ராப்சன் உரிமையாளர்கள் கூட்டத்துக்கே போய், கதவைத் திறங்கள் என்று கேட்டார். அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கதவு திறக்கவில்லை.

1921-இல் லேண்டிஸ் சொன்ன அந்தக் கடைசி ஆளை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்த அறையில் எத்தனை பக் வீவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்? ஒருவர்மேலாவது தடை வந்ததா?

1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கியதை எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பின்னும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு ஒரு கறுப்பரைச் சேர்க்க 12 ஆண்டு பிடித்தது, 1959. சாட்செல் பேஜ் என்ற மாபெரும் பந்துவீச்சாளர் பெரிய லீக்கில் முதல் பந்து வீசியபோது அவருக்கு வயது 42.

அப்புறம் ஜாஷ் கிப்சன். கறுப்பர்கள் தங்களுக்கென்று நடத்திக்கொண்ட லீக்குகளில் அவரைப் போல் அடித்தவர் இல்லை. ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். பெரிய லீக்கில் ஒரு நாள்கூட ஆடவில்லை.

2020-இல் அந்த லீக்குகளையும் பெரிய லீக்குகளாக அறிவித்தார்கள். 2024 மே மாதம் கணக்குகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். டை காப் என்பவரின் .367 தான் அதுவரை வாழ்நாள் சராசரியில் முதலிடம். இப்போது அதற்கு மேலே கிப்சனின் .372 இருக்கிறது. பிட்ஸ்பர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில் 1975 வரை ஒரு பெயர்க்கல்கூட இல்லை.