ஹாலே: உப்பு, கோபுரம், ஈய எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். கிழக்கு ஜெர்மனியில் ஸாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலே நகரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். டிக்கெட் எடுக்கும்போதே கவனம் வேண்டும். ஜெர்மனியின் மேற்கே வெஸ்ட்ஃபாலியாவிலும் ஒரு ஹாலே உண்டு. ஊர்ப்பெயரோடு 'ஸாலே' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரயில் நிலையத்திலிருந்து லைப்ஸிகர் தெரு வழியே கால்மணி நேரம் நடந்தால் சந்தைச் சதுக்கம். அங்கே ஐந்து கோபுரங்கள். தனியே நிற்கும் சிவப்புக் கோபுரம் 84 மீட்டர் உயரம். உள்ளே 76 மணிகள். மற்ற நான்கும் சந்தைத் தேவாலயத்துக்கு உரியவை. மேற்கு ஜோடியும் கிழக்கு ஜோடியும் ஒரே சாயலில் இருக்காது. காரணம், அவை இரண்டு தனித்தனிக் கோயில்களின் கோபுரங்கள். 1529-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் ஆல்பிரெக்ட் காலத்தில் கோபுரங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இடித்து, இடையில் ஒரே மண்டபம் கட்டத் தொடங்கினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்தம் பேசிய மார்ட்டின் லூதருக்கு எதிரான அரணாக அது நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டார். வேலை முடிய 1554 ஆனது. 1541-லேயே அங்கே லூதர் தரப்புப் பிரசங்கம் தொடங்கிவிட்டது! 1546-ல் லூதரின் உடல் விட்டன்பெர்குக்குப் போகும் வழியில் ஓரிரவு தங்கியதும் அங்கேதான். அவர் முகத்தின் மெழுகு அச்சை இன்றும் உள்ளே பார்க்கலாம்.

தேவாலயத்துக்குப் பின்னால் படியிறங்கினால் ஹால்மார்க்ட். ஊரை வளர்த்த உப்புநீர்க் கிணறுகள் இருந்த இடம். உப்புநீரைக் காய்ச்சும்போது மாட்டு ரத்தம் சேர்ப்பார்கள். சூட்டில் ரத்தம் திரண்டு அழுக்கையெல்லாம் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வரும். அதை வழித்தெறிந்தால் உப்பு வெளுக்கும்.

பழைய சந்தையில் உள்ள நீரூற்றில் ஒரு பையனும் கழுதையும் நிற்பார்கள். பேரரசர் வருகிறார் என்று வாசலில் ரோஜா தூவிக் காத்திருந்தார்களாம். அவர் வேறு வாசலால் போய்விட, மில்காரப் பையனின் கழுதை ரோஜாமேல் நடந்து வந்ததாம். வரலாறல்ல, ஊர்க்கதைதான்.

நேரம் குறைவென்றால் இசைமேதை ஹாண்டல் பிறந்த வீட்டைக்கூட விட்டுவிடலாம். பிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய அறநிலையத்தை விடக்கூடாது. 1698-ல் அனாதை இல்லமாக அடிக்கல் நாட்டப்பட்ட வளாகம் அது. தரங்கம்பாடியில் இயங்கிய கிறிஸ்தவ மிஷனுக்குப் பின்பலமாக இருந்ததும் இதுவே. இங்கே வார்த்த தமிழ் ஈய எழுத்துகள் 1713-ல் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. ஆனால் எழுத்து பெரிது. பக்கத்தில் சில வரிகளே அடங்கின. காகிதமோ கப்பலில் வரவேண்டிய சரக்கு. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அந்த மிஷனின் பாதிரியார் சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயில் அச்சேறியது.

வளாகத்தின் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மேல்மாடத்தில் அரும்பொருள் அறை. தனிக் கட்டடத்தில் 1728-ல் முடிந்த நூலகம். தமிழ் ஓலைச்சுவடிகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போய்க் கேட்டவுடன் எடுத்துக் காட்டமாட்டார்கள்; எந்தச் சுவடி, எதற்காக என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.