பொன்னெவில் உப்பு வெளியில் வேகப் பந்தயம் பார்க்கச் செல்வோருக்கு

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டியிருக்கும் பொன்னெவில் உப்பு வெளியில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் ‘ஸ்பீடு வீக்’ என்ற வேகப் பந்தயம், அதாவது வண்டிகள் ஒவ்வொன்றாக ஓடி வேகச் சாதனைக்கு முயலும் பந்தயம், நடக்கிறது. 1949 முதல் நடந்துவரும் இந்தப் பந்தயத்தைப் பார்வையாளராகச் சென்று காண விரும்புவோருக்கு நடைமுறையில் எவை உதவும் என்பதை இந்தக் காணொளியில் சொல்கிறேன்.

முதலில், பயணச் சீட்டை எடுத்து முடிப்பதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பந்தயம் நடக்குமா, நடக்காதா என்பதை உப்புத்தரைதான் தீர்மானிக்கிறது. குளிர்காலத்தில் இங்கே தேங்கும் நீர் கோடை வெயிலில் வற்றிய பிறகுதான் ஓடுதளத்துக்கு ஏற்ற கெட்டியான தரை உருவாகும். 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் தரை ஈரமாகவோ சேறாகவோ இருந்ததால் ஸ்பீடு வீக் ரத்தானது. எனவே பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் அறையை முன்பதிவு செய்யுங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாட்களில் அமைப்பாளர்களான தென் கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அருகில் இருக்கும் ஊர் வென்டோவர். அங்கே அறைகள் விரைவில் நிரம்பிவிடும். கிழக்கே ஏறத்தாழ 120 மைல் தொலைவில் உள்ள சால்ட் லேக் சிட்டியில் தங்கினால் தினமும் இருளோடு கிளம்ப வேண்டியிருக்கும்.

உப்பு வெளிக்குள் மரமோ நிழலோ கிடையாது. குடிநீர், உணவு, எரிபொருள் ஆகிய அனைத்தையும் வென்டோவரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்த வெயிலை நம் ஊர் வெயிலைப் போல நினைத்துவிட வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 4,200 அடி உயரத்தில் இருக்கும் அந்த வெள்ளைத் தரை, வெயிலைக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. தொப்பி அணிந்தவர்களுக்கும் மோவாயின் அடிப்பகுதி, மூக்குத் துவாரம், காதின் கீழ்ப்புறம் ஆகிய இடங்கள் வெந்துவிடுவதற்கு அதுவே காரணம். சன்ஸ்கிரீனை அந்த இடங்களிலும் பூசுங்கள். முழுக்கைச் சட்டையும் நல்ல கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம் தேவை. நிழலுக்காகத் துணிப் பந்தல் கொண்டுபோகிறவர்கள் அதன் கால்களைக் கனமான நீர்க் குடங்களிலோ வண்டியிலோ கட்டிவைக்க வேண்டும். பிற்பகலில் திடீரென்று வீசும் காற்றில் பறந்து செல்லும் பந்தல், அருகில் நிற்பவர்களைக் காயப்படுத்தக்கூடும்.

அடுத்து, பந்தயத்தை எப்படிப் பார்ப்பது என்பது. இதைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஓடுதளம் பல மைல் நீளமானது. பாதுகாப்புக்காகப் பார்வையாளர்களை அதிலிருந்து வெகுதூரம் தள்ளியே நிறுத்துவார்கள். நீங்கள் அரை மைல் தொலைவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வண்டியின் ஒலி உங்களை வந்தடைய இரண்டு வினாடிக்கும் சற்று அதிகமாகும். மணிக்கு 300 மைல் வேகத்தில் செல்லும் வண்டி அதற்குள் ஏறத்தாழ 300 மீட்டர் முன்னே போயிருக்கும். ஒலி வரும் திசையில் தேடினால் வெற்று உப்பைத்தான் காண்பீர்கள். ஆகையால் ஒலிக்கு முன்னே பார்வையைச் செலுத்துங்கள். பைனாகுலர் வைத்திருங்கள். ஓட்டுநர் யார், எந்தப் பிரிவு, எத்தனை மைல் வேகம் என்பதையெல்லாம் வானொலியில் அறிவிப்பார்கள். அதன் அலைவரிசையை நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அறிவிப்பு இல்லாமல் பார்த்தால், சாதனை முறியடிக்கப்பட்டது கூட உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

காலைப் பொழுதைத் தவறவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள சாதனையைவிட வேகமாக ஓடிய வண்டியைத் தனி இடத்தில் நிறுத்திவைத்து, குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே வேலை பார்க்க அனுமதிப்பார்கள். மறுநாள் காலையில் அது மீண்டும் ஓட வேண்டும். இரண்டு ஓட்டங்களின் சராசரிதான் புதிய சாதனையாகப் பதிவாகும். ஆகவே அந்த வாரத்தின் உண்மையான பரபரப்பு விடியற்காலையில்தான் இருக்கிறது. மதியம் நெருங்கும்போது கானல் எழும்பி வண்டிகளின் வடிவத்தையே குலைத்துவிடுவதால், தொலைவிலிருந்து நல்ல படம் எடுக்கவும் காலைதான் ஏற்றது.

மதிய நேரத்தை, வண்டிகளை நிறுத்திச் சரிபார்த்துத் தயார்செய்யும் ‘பிட்’ பகுதிக்கு ஒதுக்குங்கள். பரிசுப் பணம் ஏதுமில்லாத இந்தப் பந்தயத்துக்காகச் சொந்தச் சேமிப்பைச் செலவிட்டு, வீட்டுக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் வண்டி கட்டியவர்கள் அங்கே நிற்பார்கள். நியூசிலாந்துக்காரரான பர்ட் மன்றோ, தாமே மாற்றியமைத்த பழைய இண்டியன் மோட்டார் சைக்கிளில் 1967இல் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓடிச் சாதனை படைத்தது இதே உப்பு வெளியில்தான். அந்த மரபு இன்னும் உயிரோடிருக்கிறது. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானோர் விளக்கம் சொல்வார்கள். அனுமதியின்றி எதையும் தொட வேண்டாம். கடுமையாக உழைத்துக்கொண்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம்.

உள்ளே வண்டி ஓட்டும்போது கூம்புகள் காட்டும் பாதையை விட்டு விலகாதீர்கள், ஓடுதளத்தை ஒருபோதும் குறுக்கே கடக்காதீர்கள். வெளியின் ஓரங்களில் மெல்லிய உப்புப் படலத்துக்குக் கீழே சேறு இருக்கிறது. பிறர் சக்கரத் தடம் இல்லாத இடத்தில் நுழைந்த வண்டி அச்சு வரை புதைந்துவிடும். வாடகை வண்டியில் செல்பவர்கள் உப்புத்தரையில் ஓட்டுவதற்கு ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே படித்துப் பாருங்கள். உப்பின் மேல் இரவு தங்குவதற்கு அனுமதி கிடையாது. மாலையில் ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நிறைய நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் உப்பு கட்டியாக இறுகி, இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும்.